பூமி சுருங்கிய நாட்களும் நம் இல்லங்களும்

 

“கொரோனாதான் ஒழிந்துவிட்டதே! இனி அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 2020 மார்ச் 11 அன்று கொள்ளை நோயென அறிவிக்கப்பட்ட கோவிட், உலகளாவிய நெருக்கடி நிலையைக் கடந்துவிட்டதாக 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துவிட்டது. இடைவெளி விட்டு நின்ற ஸஃப்புகள் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால், பள்ளிவாசலில் சேர்ந்த தோள்கள் வீட்டிலும் சேர்ந்துவிட்டனவா? ஊரடங்கு நாட்களில் மூண்ட வாய்த்தகராறினால் பிரிந்த அண்ணனும் தம்பியும் இன்னமும் ஸலாம் சொல்லிக்கொள்ளாத வீடுகள் உண்டு. வாப்பாவின் மையித்தை எட்ட நின்று மட்டுமே பார்க்க முடிந்த மகன், இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அன்று கைப்பேசிக்குள் புகுந்த பிள்ளை, இன்றுவரை முழுமையாக வெளியே வரவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தேடினோம்; மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜன் தேடி அலைந்தோம். உள்ளத்தில் பட்ட அடியை மட்டும், “காலம் ஆற்றிவிடும்” என்று சொல்லி மூடி வைத்துவிட்டோம். மூடி வைத்த புண் உள்ளே புரையோடும் என்பது நாம் அறியாததா? இன்னொரு கொள்ளை நோய் வரக்கூடாது என்றே துஆச் செய்கிறோம். எனினும், வந்தால் நம் இல்லம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அமைதியான இந்நாளிலேயே எண்ணிப் பார்ப்பது அறிவுடைமையாகும்.

கதவடைத்தது மார்க்கத்திற்கு மாறானதா?

பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டபோது பல உள்ளங்கள் குமுறின. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் கூடாது, அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு ஓடவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துச் சென்றதை நாம் அறிவோம். ஷாம் தேசத்தை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை ‘ஸர்ஃக்’ என்னுமிடத்தில் கேள்விப்பட்டு, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட்டார்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் (கி.பி. 639) ‘அம்வாஸ்’ கொள்ளை நோய் அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்ற மாபெரும் தோழர்களைக் கொண்டு சென்றது. அதன்பின் பொறுப்பேற்ற அம்ர் பின் அல்-ஆஸ் (ரலி) அவர்கள், மக்கள் மலைப்பகுதிகளுக்குச் சென்று பிரிந்து வாழுமாறு ஏற்பாடு செய்தார்கள். எனவே, உடலால் விலகியிருப்பது நமக்குப் புதியதன்று. விலகியிருக்கும் நாட்களில் உள்ளத்தையும் உறவையும் காப்பது எப்படி என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

ஐம்பது நாட்கள்

இதற்கு நபித்தோழர் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றைப் போன்ற விளக்கம் வேறில்லை. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் மதீனாவில் தங்கிவிட்ட மூவரில் அவர்கள் ஒருவர். அம்மூவரிடமும் எவரும் பேசலாகாது என்று கட்டளை பிறந்தது. அது ஒரு தண்டனை. நம் ஊரடங்கோ ஒரு தற்காப்பு. ஆயினும், தனிமை மனித மனத்தை என்ன செய்யும் என்பதை அவ்வரலாறு கண்ணாடி போலக் காட்டுகிறது.

கஅப் (ரலி) கடைவீதிக்குச் செல்வார்கள், ஒருவரும் பேசமாட்டார். தொழுகைக்குச் செல்வார்கள், ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல நபியவர்களின் உதடு அசைந்ததா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். தம் நெருங்கிய உறவினர் அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறிச் சென்று ஸலாம் சொன்னார்கள், அதற்கும் பதிலில்லை. கண்ணீருடன் திரும்பினார்கள். மற்ற இருவரோ வெளியே வரவேயில்லை, வீட்டிற்குள்ளேயே அழுதுகொண்டிருந்தார்கள். பூமி இவ்வளவு விரிந்திருந்தும் அவர்களுக்கு அது சுருங்கிப்போனதையும், அவர்களது உள்ளங்களே அவர்களை நெருக்கியதையும் அல்லாஹ் தன் திருமறையின் தவ்பா அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான்.

சிந்தியுங்கள்! அவர்கள் ஈமானில் குறைந்தவர்களா? பத்ருப் போரில் கலந்துகொண்ட சிறப்புடையோரும் அந்த மூவரில் இருந்ததாகக் கஅப் (ரலி) அவர்களே குறிப்பிடுகின்றார்கள். அத்தகையோருக்கே தனிமை தாங்கவில்லை என்றால், நாமெல்லாம் எம்மட்டு?

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்றுண்டு. அம்மூவரில் ஹிலால் பின் உமய்யா (ரலி) முதியவர். பணிவிடை செய்ய ஆளில்லாதவர். மனைவியரும் விலகியிருக்க வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, அவருடைய மனைவி நபியவர்களிடம் வந்து, தம் கணவருக்குப் பணிவிடை செய்ய அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. விலக்கி வைக்கப்பட்ட நிலையிலும் முதியவர் ஒருவர் கவனிப்பாரின்றி விடப்படவில்லை!

நம் வீடுகளில் நடந்தது

கஅப் (ரலி) அவர்களுக்கு ஐம்பது நாட்கள். நமக்கு 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை, முதல் தவணை மட்டுமே 68 நாட்கள். ரமளான் முழுவதும் அதற்குள் அடங்கிப்போயிற்று. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சாத ரமளான். ஜமாஅத்தாகத் தராவீஹ் தொழ இயலாத ரமளான். கட்டித் தழுவாத பெருநாள்! அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதிதான் தமிழகத்தின் பள்ளிவாசல்கள் அனைத்தும் திறந்தன. 2021இல் இரண்டாம் அலை, மீண்டும் ரமளானிலேயே வந்து, முதல் அலையைவிட அதிகமாக வாரிக்கொண்டு போனது.

போதாக்குறைக்கு, நோயைப் பரப்பியவர்கள் என்று ஒரு சமுதாயத்தின் மீதே பழி போடப்பட்டது. டெல்லி மாநாட்டிற்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் என்று கருத்துரைத்தது. ஆனால், அதற்குள் எத்தனை வீடுகளில் அச்சம் குடியேறிவிட்டது! இருமல் வந்தால்கூட அடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்தோம்.

வீட்டிற்குள் நிலைமை என்ன? காலையில் கடைக்குப் போய் இஷாவுக்குப் பின் திரும்பும் கணவர் நாள் முழுதும் வீட்டில் இருந்தார். ‘தேநீர் ஏன் ஆறிப்போனது?’ என்பதில் தொடங்கிய பேச்சு, பத்தாண்டுகளுக்கு முந்தைய சீர்வரிசை வரை சென்றது. வேலை இழந்து வளைகுடாவிலிருந்து திரும்பியவரோ, இரண்டாண்டுக்கொரு முறை விருந்தாளியாக வந்து போன வீட்டில், குடும்பத் தலைவராக எங்கே உட்காருவது என்று தெரியாமல் தவித்தார். ஓய்வு என்று எல்லோரும் சொன்ன அந்நாட்களில், ஓய்வே இல்லாதவர் இல்லத்தரசிதான். மூன்று வேளைச் சமையல், பிள்ளைகளின் கைப்பேசிப் பாடம், முடியாத மாமியாருக்குப் பணிவிடை. இத்தனைக்கும் நடுவே தம் தாய்வீட்டை எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நாலு பேருடன் பேசிக்கொண்டிருந்த முதியவருக்கு, அந்தத் திண்ணைதான் பாதி மருந்தாக இருந்தது என்பதை அது அடைபட்ட பிறகே உணர்ந்தோம்.

சில வீடுகளில் பேச்சு கையோங்குவதில் முடிந்தது. இது நம் நாட்டில் மட்டும் நிகழவில்லை. 2020 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், போர்க்களங்களில் மட்டுமின்றி வீடுகளுக்குள்ளும் அமைதி வேண்டும் என உலகத்திற்கே வேண்டுகோள் விடுக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. சகோதரர்களே! தம் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் அடித்திராத நபியின் உம்மத் நாம். வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவியாக இருந்தவர்கள் அவர்கள். அடி வாங்கும் சகோதரியிடம் போய் ‘ஸப்ர் செய்’ என்று மட்டும் சொல்லித் திரும்புவது எவ்வகையில் நீதி? ஜமாஅத்தார் தலையிட வேண்டும். அஞ்சும் நிலையிலுள்ள பெண்கள் 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

முடிவு பெறாத துக்கம்

மவுத்து வீடு என்றால் நம் வழக்கம் என்ன? ஊரே திரண்டு வரும். அடுப்பெரியாத அந்த வீட்டிற்கு உறவினர் சோறு கொண்டு வருவார்கள். மையித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தோள் மாற்றிச் சந்தூக்கைச் சுமப்பது, மூன்று பிடி மண் இடுவது என ஒவ்வொரு செயலும், ‘இவர் போய்விட்டார்’ என்பதை உள்ளத்திற்குச் சிறுகச் சிறுகச் சொல்லிக்கொடுக்கும். கொள்ளை நோய் அத்தனையையும் ஒரே நாளில் பறித்தது. இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி, முழுக்கவச உடையணிந்த முகம் தெரியாத இளைஞர்கள், உறையிட்ட மையித். பல ஊர்களில் எம்மதத்தவர் உடலாயினும் அஞ்சாமல் ஏந்தி அடக்கம் செய்த நம் இளைஞர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

கணவரை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதமும் பத்து நாட்களும். சாதாரண நாட்களில் அக்காலம் உறவுப் பெண்களின் வருகையால் நிறைந்திருக்கும். இந்தப் பெண்களுக்கோ அது ஓலமிடவும் துணையில்லாத மௌனமாகக் கழிந்தது. பிள்ளைகளும் உம்மாவின் முகம் பார்த்துத் தங்கள் அழுகையை விழுங்கிக்கொண்டார்கள்.

அந்தத் துக்கம் இன்னும் பாக்கியிருக்கிறது. மூன்று நாட்களுக்குப் பின் தஃஸியத் இல்லை என்பது நாம் அறிந்த சட்டம். ஆனால் ஊரில் இல்லாதிருந்தவர் திரும்பி வந்து ஆறுதல் கூறலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் விலக்களிக்கின்றன. அந்நாட்களில் நாம் அனைவரும் ஒருவருக்கொருவர் ‘ஊரில் இல்லாதவர்களாக’த்தானே இருந்தோம்! எனவே, அக்காலத்தில் இழப்பைச் சந்தித்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரம் போய் வாருங்கள். பழையதைக் கிளறுவதாக எண்ண வேண்டாம். மறைந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நன்மை ஒன்றை நினைவூட்டி, துஆச் செய்யுங்கள். அவர்கள் அழுதால் அழவிடுங்கள். தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரியவில்லையா?

ஈமானும் மனநோயும்

“தொழுகிறவனுக்கு மனநோய் வருமா? ஈமான் குறைந்ததால்தான் வருகிறது” என்று நம்மில் சிலர் பேசுகின்றனர். இந்தச் சொல் எத்தனை பேரின் வாயை அடைத்துவிட்டது! மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாகத் திருமறை கூறுகின்றது, அவர்கள் நபியல்லவா? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு ‘துயர ஆண்டு’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. துயரம் ஈமானின் எதிரி என்றால் இவற்றுக்கு என்ன விளக்கம் சொல்வோம்?

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். கி.பி. 934இல் மறைந்த பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை உடலுக்கு ஒரு பகுதி, உள்ளத்திற்கு ஒரு பகுதி என வகுத்து எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோலவே உள்ளத்திற்கும் வரும் என்பது அவர் கருத்து. கோபம், அச்சம், துயரம், ஓயாத ஊசலாட்ட எண்ணங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். துயரத்தை, காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு உடலிலும் மூலம் இருப்பதால் உடலுக்கும் சிகிச்சை தேவை என்றார். வீண் எண்ணங்களால் வருந்துவோர் தனித்திருக்கலாகாது என்று எச்சரித்தார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, நல்ல எண்ணங்களை அமைதியான நாட்களிலேயே மனத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கூறும் வழி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதியதை நாம் மறந்துவிட்டு, மனநோயை வெட்கம் என்று மறைத்துக்கொண்டிருக்கிறோம்!

மறைப்பதன் விளைவு கொடியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். எந்த மதத்தவராயினும் அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தாமே! ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் உரிமை. மருத்துவரிடம் போவது நம் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது உள்ளத்தின் விஷயத்திலும் பொருந்தும்.

கொள்ளை நோயின் முதல் ஆண்டில் மட்டும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடியதாக, 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. உங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு வாரங்களுக்கும் மேலாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எதிலும் பிடிப்பின்றி, ‘நான் இருந்து என்ன பயன்?’ என்று பேசினால், அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடாதீர்கள். அருகிலிருந்து கேளுங்கள், அறிவுரையை ஒத்திப்போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகின்றது. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

மீண்டும் வீடடைபட்டு இருக்க நேர்ந்தாலும் நேராவிட்டாலும், பின்வருவனவற்றைப் பழக்கமாக்குவோம்.

ஐவேளைத் தொழுகையே ஒரு கால அட்டவணை. ஊரடங்கில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் பலர் உறங்கிக் கிடந்தனர். ஃபஜ்ருக்கு எழுந்து இஷாவுக்குப் பின் உறங்கும் வீட்டில் மனமும் ஒழுங்குபடும். ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும் ஒரே ஸஹனைச் சுற்றி அமருங்கள். அப்போது கைப்பேசிகள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், உட்கார்ந்திருப்பவர் சாயவும் நபியவர்கள் வழிகாட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் நாள் முழுதும் இருப்போருக்கு இதைவிடச் சிறந்த மருந்து எது? ஒரு முஸ்லிம் மற்றவருடன் மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது என்பதும் அவர்கள் விதித்த எல்லை. 2020இல் நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்காதவர்கள், மூன்று நாள் எப்போது முடிந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும்!

நோயாளியைத் தனியறையில் வைக்க நேர்ந்தால், தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். எட்ட நின்று ஸலாம் சொல்லுங்கள். அன்றைய வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். ‘நான் இவர்களுக்குப் பாரமாகிவிட்டேனோ?’ என்ற எண்ணம் அவரைத் தீண்டாதிருக்க அந்த இரண்டு நிமிடம் போதும். கைப்பேசியில் வரும் திகிலூட்டும் செய்திகளை ஆராயாமல் பரப்பாதீர்கள். உம்மாவின் பணிச்சுமையை ஆண்பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தாக் கணக்கேடு வைத்திருக்கிறீர்கள். அதில் இன்னொரு பக்கம் சேருங்கள்: மஹல்லாவில் தனியே வாழும் முதியோர், கணவரை இழந்தோர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் யார் யார்? பத்து வீட்டிற்கு ஒரு பொறுப்பாளர், அவருடைய தொலைபேசி எண், வாரம் ஒரு விசாரிப்பு. நிவாரண அரிசி மூட்டையோடு இதுவும் சேர்ந்தால்தான் உதவி முழுமையாகும்.

அந்த ஐம்பதாம் நாள்

கஅப் (ரலி) அவர்களின் ஐம்பதாம் நாள் என்னவாயிற்று? ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வீட்டுக் கூரையின்மேல் அமர்ந்திருந்த அவர்களுக்கு, மன்னிப்பு இறங்கிய நற்செய்தி ‘ஸல்உ’ மலைமீதிருந்து கேட்டது. ஓடோடிப் பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். அங்கே தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) எழுந்து விரைந்தோடி வந்து, கைகுலுக்கி வாழ்த்தினார்கள். அச்செயலைத் தாம் என்றும் மறக்கவேயில்லை என்று கஅப் (ரலி) பிற்காலத்தில் கண் பார்வை இழந்த முதுமையிலும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள்! தல்ஹா (ரலி) செய்தது என்ன? இருந்த இடத்திலிருந்து எழுந்தார்கள், எதிர்கொண்டு சென்றார்கள், கையைப் பற்றினார்கள். அவ்வளவே! உங்கள் உறவிலும் தெருவிலும் அந்த நாட்களிலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருப்பார். அவரை நோக்கி எழுந்து செல்பவராக நாம் இருப்போம்.

வல்ல இறைவன் நம் இல்லங்களை அமைதியின் இருப்பிடங்களாக்கி, நோயினின்றும் நோயினும் கொடிய தனிமையினின்றும் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.